கண்ணீர் அஞ்சலியில் விட்டுப்போன பாதி

எங்கள் ஊர் சுரக்குடி. காரைக்கால் மாவட்டம், திருநள்ளாறு பக்கம். சனிப்பெயர்ச்சி வந்தால் மட்டும் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கம் ஞாபகம் வரும். மற்ற நாட்களில் வயல், வாய்க்கால் என்று சத்தமில்லாமல் கிடக்கும் ஊர். இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் பெரியப்பா இங்கேதான் காலமானார். வயது 72. இதை இரங்கல் கட்டுரை என்று நினைத்துவிடாதீர்கள். இறந்தவர்களை நாம் நினைவு வைத்துக்கொள்ளும் விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

பெரியப்பா ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் 37 வருஷம் வேலை பார்த்தவர். கிளார்க்காகச் சேர்ந்து, பரீட்சை எழுதி ஆபீசராகி, கடைசியில் சீனியர் மேனேஜராக ரிடையர் ஆனார். அவர் போன மறுநாள் பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். "பாசமிகு தந்தை, அன்புக் கணவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்த உத்தமர்" என்று நாலு வரி. பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் "வங்கி மேலாளர் (ஓய்வு)". அவ்வளவுதான். 37 வருஷமும் அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது!

பதினாறாம் நாள் காரியத்திலும் அதே கதைதான். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர் வாங்கி வரும் கும்பகோணம் வெற்றிலையைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளைகளை அடிக்காமல் வளர்த்ததைப் பேசினார்கள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் போன் பண்ணுபவர் அவர்தான் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் ஒருவர்கூட அவர் பார்த்த வேலையைப் பற்றிப் பேசவில்லை. பேங்கில் என்ன இருக்கிறது, பணத்தை எண்ணுவார், வீட்டுக்கு வருவார் என்று நினைத்திருப்பார்கள் போல.

அதே வாரம் கல்லூரி செமினாருக்காக நான் நாராயணன் வாகுலைப் பற்றிப் படிக்க வேண்டியிருந்தது. ஐசிஐசிஐயின் முன்னாள் தலைவர். 2024 மே 18ல் சென்னையில் காலமானவர். அவரைப் பற்றி வந்த அஞ்சலிக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். அங்கே எல்லாமே தலைகீழ்! எந்த வருஷம் எந்தப் பதவி, எந்த நிறுவனத்தைத் தொடங்கினார், யாரை வளர்த்துவிட்டார் என்று பக்கம் பக்கமாக இருந்தது. வீட்டைப் பற்றி? கடைசியில் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று ஒரு வரி.

பெரியப்பாவுக்கு வீடு மட்டும் மிஞ்சியது, வாகுலுக்கு வேலை மட்டும் மிஞ்சியது. இரண்டு பேருக்கும் பாதிதான். நிதித்துறையில் இருந்த ஒரு மனிதரை நினைவுகூரும்போது இந்த இரண்டு பாதியையும் பிரிக்கவே கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வாகுல். வணிகவியல் படிக்காதவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். 1936ல் பிறந்தவர். சிவில் சர்வீஸ் எழுத ஆசை, ஆனால் வயது போதவில்லை. காத்திருக்கும் நேரத்தில் ஸ்டேட் பேங்க் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போட்டு, 1950களில் புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்தார். பிறகு தேசிய வங்கி மேலாண்மை நிறுவனத்தில் இயக்குநர். அப்புறம் சென்ட்ரல் பேங்க். 1981ல் பேங்க் ஆஃப் இந்தியாவின் தலைவரானபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. 1985ல் ஐசிஐசிஐக்கு வந்தார்.

அப்போது ஐசிஐசிஐ இன்று நாம் பார்க்கும் வங்கி இல்லை. உலக வங்கியின் உதவியோடு 1955ல் தொடங்கப்பட்டு, தொழிற்சாலைகளுக்கு நீண்ட காலக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம். நம்மைப் போன்றவர்கள் போய் பாஸ்புக் வாங்குகிற இடம் கிடையாது. வாகுல் வந்த பிறகு அது வேறு வேறு வேலைகளில் இறங்கியது. 1987ல் கிரிசில் தொடங்கியது. இந்தியாவின் முதல் கடன் தர நிர்ணய நிறுவனம் அதுதான். 1994ல் ஐசிஐசிஐ வங்கி வந்தது. ரிசர்வ் வங்கி பணச் சந்தையைப் பற்றி ஆராய அமைத்த குழுவுக்கும் வாகுல்தான் தலைவர். அந்தக் குழுவின் அறிக்கை 1987ல் வந்தது. நல்ல பெயருள்ள கம்பெனிகள் வங்கிக்குப் போகாமல் நேரடியாகக் குறுகிய காலக் கடன் வாங்கும் வணிகப் பத்திர முறை பிறகு இங்கே வந்ததற்கு அந்த அறிக்கைதான் வழி.

கடன் தர நிர்ணயம் என்றால் ஏதோ பெரிய விஷயம் மாதிரி இருக்கிறதா? நம் ஊர் மளிகைக் கடைக்காரர் தினமும் செய்வதுதான். கடன் நோட்டை எடுத்துப் பாருங்கள். இவர் ஒண்ணாம் தேதி கொடுத்துவிடுவார். அவர் அறுப்பு முடிந்துதான் கொடுப்பார், ஆனால் கொடுத்துவிடுவார். இன்னொருவருக்கு இனிமேல் கிடையாது! கடைக்காரரின் மண்டைக்குள் இருக்கும் இந்தக் கணக்கை, முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான முதலீட்டாளர்களும் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுத்தில் போட்டுத் தருவதுதான் கிரிசில் செய்கிற வேலை. யாரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விதான் இரண்டு இடத்திலும்.

நிதித்துறையின் அடிப்படையே இதுதான் என்று நினைக்கிறேன். பணம் இரண்டாவது. யாரை நம்புவது, யாரிடம் முடியாது என்று சொல்வது, சொன்ன பிறகு அந்த வார்த்தையில் நிற்பது... இவை முதலில். இவற்றை ஒரு மனிதர் காலை பத்து மணிக்கு ஆபீசில் போட்டுக்கொண்டு சாயங்காலம் கழற்றி வைக்க முடியாது. வீட்டிலும் அதே ஆள்தான். அதனால்தான் இரண்டு பாதியையும் பிரிக்கக் கூடாது என்கிறேன்.

வாகுல் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது நிறுவனங்களைத் தொடங்கியது இல்லை. 1996ல் நிர்வாகப் பொறுப்பை கே. வி. காமத்திடம் கொடுத்துவிட்டு விலகியதுதான். அதற்குப் பிறகு 2009 வரை தலைவராக இருந்தார், ஆனால் அன்றாட நிர்வாகம் அவர் கையில் இல்லை. அவர் காலத்தில் அங்கே வளர்ந்தவர்களில் லலிதா குப்தே, கல்பனா மோர்பாரியா, ஷிகா ஷர்மா போன்ற பெண்கள் பிறகு பெரிய நிறுவனங்களின் உச்சிப் பதவிகளுக்குப் போனார்கள். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுக்காத பெரியவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். சாவியை உரிய நேரத்தில் எடுத்துக் கொடுப்பது வீட்டிலும் கஷ்டம், வங்கியிலும் கஷ்டம்.

இன்னொன்று. வாகுல் தன் மூத்த அதிகாரி ஆர். கே. தல்வாரைப் பற்றிச் சொன்ன சம்பவம். தல்வார் 1969ல் ஸ்டேட் பேங்க் தலைவரானவர். எங்கள் யூனியன் பிரதேசத்தோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரம அன்னையின் பக்தர் அவர். நெருக்கடி நிலைக் காலம். நஷ்டத்தில் ஓடிய ஒரு சிமெண்ட் கம்பெனி ஸ்டேட் பேங்கிடம் கடன் சலுகை கேட்டது. சலுகை தருகிறோம், ஆனால் நிர்வாகத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்த முதலாளி பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்று வங்கி நிபந்தனை போட்டது. அந்த முதலாளி சஞ்சய் காந்திக்கு வேண்டியவர். நிபந்தனையை எடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்தது. தல்வார் அசையவில்லை. சஞ்சய் காந்தியைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அரசில் எந்தப் பொறுப்பிலும் இல்லாதவரைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்று மறுத்துவிட்டார். ராஜினாமாவும் செய்யவில்லை. கடைசியில் ஸ்டேட் பேங்க் சட்டத்தையே திருத்தி 1976ல் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

ஒரு மனிதரை எடுக்க ஒரு சட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தது! இதைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது வீட்டில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? நாடே பயந்துகிடந்த சமயம் அது. ஆபீசில் முடியாது என்று சொல்வது ஒருவர்தான். ஆனால் அதற்கான விலையைக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டியது ஒரு குடும்பமே இல்லையா? எந்த வரலாற்றிலும் அந்தப் பக்கம் வருவதில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் கொஞ்சம் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. பெரியப்பா அப்போது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளையில் மேனேஜர். எங்கள் அத்தை வீட்டுக்காரருக்கு, அதாவது மாமாவுக்கு, லாரி வாங்கி ஓட்ட ஆசை. நெருங்கிய சொந்தத்துக்கு மேனேஜர் கடன் கொடுக்கக் கூடாது என்பது விதி. மாமாவுக்கும் அது தெரியும். அதனால் வேறு யோசனையோடு வந்திருக்கிறார்.

"மச்சான், என் பேருல வேணாம். என் சிநேகிதர் பேருல போடுங்க. கட்டப்போறது நான்தான்."

"மாப்ள, கையெழுத்துப் போடுறது நான்தானே."

இவ்வளவுதான் பேச்சு என்று அப்பா சொல்வார். பெரியப்பா தன் சேமிப்பிலிருந்து இருபதாயிரம் தருகிறேன், முடிந்தபோது திருப்பிக் கொடுங்கள் என்றாராம். மாமாவுக்கு அது இன்னும் அவமானமாகப் போய்விட்டது. இலை போட்டிருந்தது. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு பத்து வருஷம் போக்குவரத்து இல்லை. பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு அத்தை மட்டும் தனியாக வந்து, முகூர்த்தம் முடிந்ததும் பஸ் ஏறிவிட்டார். அண்ணனாக நின்று செய்ய வேண்டிய சீர்களைப் பெரியப்பா அப்பா கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்.

"குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்று போஸ்டரில் போட்டோமே, அவர் வாழ்க்கையிலேயே கஷ்டமான முடிவை அவர் குடும்பத்துக்கு எதிராகத்தான் எடுத்தார். அது போஸ்டரில் இல்லை.

பதினாறாம் நாள் மாமாவும் வந்திருந்தார். எப்போதோ சமாதானம் ஆகிவிட்டது. பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் நான் துணிந்து கேட்டேன். "உங்க பெரியப்பா செஞ்சது சரிதான்" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "போட்டிருக்கலாம் தம்பி. நான் கட்டியிருப்பேன். இன்னிக்கும் சொல்றேன், கட்டியிருப்பேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கட்டியிருக்கவும் கூடும். மாமா வாங்கிய கடனை ஏமாற்றுகிற ஆள் இல்லை. விதி என்பது நல்லவருக்கும் கெட்டவருக்கும் ஒரே மாதிரி கதவைச் சாத்துகிறது. அதனால் ஒரு நல்ல மனிதருக்கு ஒரு லாரி இல்லாமல் போயிருக்கலாம். இதை மறைத்துவிட்டுப் பெரியப்பாவை உத்தமர் என்று எழுதினால் அது பாதி உண்மைதான்.

உங்களில் சிலர் கேட்கலாம். "வங்கிக்காரர்கள் முடியாது என்று சொல்வது ஏழைகளிடம்தானே? பெரிய முதலாளிகளுக்கு வாரிக் கொடுத்துவிட்டு வாராக்கடன் என்று எழுதிவிடுகிறார்களே?" நியாயமான கேள்வி. தல்வார் கதை ஞாபகம் இருப்பதற்குக் காரணமே அது அபூர்வம் என்பதுதான். ஆனால் முடியாது என்பது மட்டும் ஒரு வங்கிக்காரரின் வேலை இல்லை. சரி என்று சொல்வதற்கும் அதே அளவு உழைப்பு வேண்டும்.

1969 ஜூலை 19ல் 14 வங்கிகள் தேசியமயமானபோது நாட்டில் இருந்த வங்கிக் கிளைகள் சுமார் 8,260. 1990ல் அது கிட்டத்தட்ட 60,000. இந்த எண்ணிக்கையைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தக் கிளைகளில் போய் உட்கார்ந்தவர்கள் யார் என்று யோசித்ததில்லை. பெரியப்பா மாதிரி ஆட்கள்தான். 1980களில் அவர் கிராமக் கிளையில் ஆபீசர். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கறவை மாட்டுக் கடன் கொடுத்த காலம். கடன் மேளா என்று மேடை போட்டுக் கொடுத்ததும் அப்போதுதான். ஒரே மாட்டை நாலு வீட்டு வாசலில் கட்டிக் காட்டுவார்கள் என்று பெரியப்பா சிரிப்பார். அதனால் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாராம். இன்சூரன்ஸுக்காக மாட்டின் காதில் தகடு அடித்திருப்பார்கள், அந்த நம்பரைப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். வீட்டில் வைக்கோல் இருக்கிறதா, பாலை யார் வாங்குகிறார்கள், எவ்வளவுக்கு என்று கேட்பார். கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். கொடுத்த பிறகும் போய்ப் பார்ப்பார். மாடு வாங்கிய ஒரு பாட்டி அவர் மாற்றலாகிப் போகும்போது ஒரு சொம்பு நெய் கொண்டுவந்து கொடுத்ததையும், அதற்குக் காசு கொடுத்துத்தான் வாங்கிக்கொண்டேன் என்பதையும் எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். இந்தக் கதையாவது பந்தலில் யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். இல்லை.

இனி வீட்டுப் பாதிக்கு வருவோம். அதிலும் நாம் சரியாக எழுதவில்லை.

ஆபீசர் ஆன பிறகு பெரியப்பாவுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல். பாபநாசம், புதுக்கோட்டை, நடுவில் மூன்று வருஷம் ஒடிசா. பிள்ளைகள் படிப்பும் தாத்தா பாட்டியும் இங்கே. அதனால் குடும்பம் சுரக்குடியிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் இருந்த காலத்தில் சனிக்கிழமை அரை நாள் பேங்க் முடித்து ராத்திரி பஸ்ஸில் வருவார். திங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்புவார். வருகிற அந்த ஒன்றரை நாளில் பிள்ளைகளின் நோட்டைப் பார்ப்பார், பால் கணக்கு பார்ப்பார், தாத்தாவுக்கு நகம் வெட்டுவார். அன்பான மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒன்றரை நாள்! மிச்ச ஐந்தரை நாளும் குடும்பத்தை நடத்தியது பெரியம்மா. தாத்தா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷம், அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது, வெள்ளத்தில் கொல்லைச் சுவர் இடிந்தது... எல்லாமே வார நாட்களில்தான் நடந்தன.

"எனக்கும் ஒரு பி.எஃப். பிடிச்சிருக்கணும்" என்று பெரியம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. மாமா பேசாமல் போன அந்தப் பத்து வருஷமும் கேள்விகளைச் சந்தித்ததும் அவர்தான். "உன் வீட்டுக்காரர் அப்படி என்ன பெரிய யோக்கியர்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டது பெரியப்பாவிடம் இல்லை, பெரியம்மாவிடம்.

காரைக்கால்காரர்களுக்கு ஒரு கதை சொல்லத் தேவையில்லை. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் வாரி இறைக்கிறோமே, அந்தக் கதை. பரமதத்தன் நல்ல வணிகர். இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்பினார், இரண்டையும் கணக்காகக் கேட்டார். ஆனால் ஊர் நினைவு வைத்திருப்பது புனிதவதியாரை. வணிகர் அந்த அம்மையாரின் கணவராக மட்டும் கதைக்குள் வருகிறார். மற்ற எல்லா இடத்திலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. கணக்குப் பார்த்தவரின் பெயர் இருக்கும், வீட்டைப் பார்த்தவர் "மனைவி" என்ற ஒரு சொல்லாக இருப்பார். வாகுலைப் பற்றிய கட்டுரைகளிலும் அப்படித்தான், எங்கள் போஸ்டரிலும் அப்படித்தான்.

வாகுலையும் பெரியப்பாவையும் சமமாக வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் நாட்டின் நிதி அமைப்பையே மாற்றியவர்களில் ஒருவர். இன்னொருவர் பெயர் அவர் வேலை பார்த்த கிளைகளிலேயே இப்போது யாருக்கும் தெரியாது. அளவு வேறு, ஆனால் வேலையின் தன்மை ஒன்றுதான். அடுத்தவர் பணத்தை வைத்துக்கொண்டு யாரை நம்பலாம் என்று முடிவெடுக்கிற வேலை. அந்த முடிவின் பாரத்தை வீட்டிலிருப்பவர்களும் சேர்ந்து சுமக்கிற வேலை. பெரிய மனிதர்களுக்கு வீட்டையும், சாதாரண மனிதர்களுக்கு வேலையையும் நாம் அழித்துவிடுகிறோம். அதனால் பிறகு வருகிற என்னைப் போன்றவர்களுக்கு, ஒரு மனிதர் இரண்டையும் எப்படிச் சேர்த்துச் சமாளித்தார், எங்கே சமாளிக்க முடியாமல் போனது என்று கற்றுக்கொள்ள வழியே இல்லாமல் போகிறது. நானும் நாளைக்கு வங்கித் தேர்வு எழுதத்தான் போகிறேன். எனக்கு அது தெரிய வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் யாராவது இருந்தால், இந்த வாரம் உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் தினமும் என்ன வேலை செய்தீர்கள்? யாரிடம் முடியாது என்று சொன்னீர்கள்? அதனால் என்ன நடந்தது? கேட்டுவிட்டு அப்படியே எழுந்து வந்துவிடாதீர்கள். பக்கத்தில் பெரியம்மாவோ பாட்டியோ இருப்பார், அவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாது. இரண்டையும் எழுதி வையுங்கள். நான் பெரியப்பாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலிக்கு வாசகம் எழுதும் வேலையை என்னிடம் கொடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "முறையில்லாத கடனுக்குக் கையெழுத்துப் போடாதவர்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். "அதெல்லாம் போஸ்டர்ல போடுவாங்களாடா? மாமா பார்த்தா என்ன நினைப்பார்?" என்கிறார் அப்பா.

அப்பா சொல்வதும் யோசிக்க வேண்டியதுதான். மாமாவிடமே கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.